கமராவுக்குக் காட்டிய விளக்கு

எனது கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இது ஆறாவது வருடம். இதைச் சொன்னதும் கேட்கிறவர் முகத்தில் ஓர் இரக்கம் வரும். ஆஸ்பத்திரியில் நெடுநாள் படுத்திருப்பவரின் கட்டிலருகே நின்று ஆட்கள் காட்டுகிற இரக்கம். அம்மா முன்பெல்லாம் "மகன் படிக்கிறான்" என்பார். இப்போது "கம்பசில ஏதோ செய்யிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். முப்பத்தைந்து வயதுக்காரன் இன்னும் படிக்கிறான் என்றால், சம்பந்தம் பேச வந்தவர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போகிறார்கள்.

ஆய்வின் தலைப்பு இரண்டு வரிக்கு நீளும். சுருக்கினால் இவ்வளவுதான்: வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊரில் பூட்டிக் கிடக்கிற தங்கள் வீட்டுக்குக் கமரா பொருத்துகிறார்கள், அதன் வழியாக அந்த வீட்டோடு என்ன கதைக்கிறார்கள் என்பது. 'வீட்டோடு' என்ற சொல்லுக்கு என் மேற்பார்வையாளர் பவதாரணி மிஸ் சிவப்பு மையால் வட்டம் போட்டார்.

"வீட்டில இருக்கிற ஆளோட எண்டு எழுதும், சதீசன்."

"வீட்டில ஆள் இல்லை மிஸ். அதுதான் ஆய்வே."

மிஸ் என்னை ஒருதரம் பார்த்தார். வட்டம் அப்படியே இருந்தது.

ஆய்வுக்களம் கரம்பொன், ஒரு தீவு ஊர். பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி தாண்டி, காற்று மோட்டார் சைக்கிளை ஒரு பக்கமாகத் தள்ளத் தள்ள ஒரு மணித்தியாலம் ஓடவேண்டும். நான் ஆய்வுக்கு எடுத்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பதினொரு வீடுகள். ஆட்கள் இருப்பது மூன்றில். மிச்சம் எட்டிலும் மதில், இரும்புக் கேற், பளபளக்கும் ஓடு, கமரா. ஒழுங்கையில் மாடுகள்தான் நடமாடும். மாடு போகும்போது எட்டுக் கமராவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் திருப்பும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, மாட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நடந்தேன்.

எட்டில் ஆறு வீட்டுக்கு இராசமணி அக்கா விளக்கு வைப்பார். பூட்டின வீடென்றாலும் பொழுதுபட்டால் இருட்டில் கிடக்கக் கூடாது என்பது அங்கே எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிற ஒழுங்கு. அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது, சைக்கிள் காண்டிலில் ஆறு வீட்டுத் திறப்புக் கோர்வையும் எண்ணெய்ப் போத்தலும் தொங்கும். வீடு வீடாகத் திறந்து, முற்றத்தை ஒரு இழுப்புக் கூட்டி, சாமி அறையில் விளக்கேற்றுவார். பிறகு சின்ன விளக்கொன்றைத் தட்டில் வைத்து விறாந்தைக்குக் கொண்டுவந்து, கமராவுக்கு நேரே உயர்த்திக் காட்டுவார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்காரர், உள்ளே எரிகிறதோ இல்லையோ எனக்குத் தெரியேல்லை என்று குறைப்பட்டாராம். அன்றிலிருந்து இந்த முறை. முதலில் சாமிக்கு, பிறகு கமராவுக்கு.

"சாமி திருப்பிக் கேள்வி கேக்காது தம்பி," என்பார். "உது கேக்கும்."

அதிகம் கேட்டது நான்காவது வீடு. சரவணமுத்து ஐயா வீடு. அவர் பாரிசில் முப்பது வருடம் உணவகக் குசினியில் நின்றவர். மனைவி இல்லை, ஒரே மகள். கரம்பொனில் ஐந்து அறையோடு வீட்டைக் கட்டி முடித்து எட்டு வருடம்; அதில் அவர் படுத்த இரவுகள் நாற்பதுகூட வராது. ஆனால் பின்னேரம் ஆறு மணிக்கு, அங்கே மத்தியானம், தவறாமல் வந்துவிடுவார். கமராவில் இருக்கிற சின்ன விளக்கு பச்சையிலிருந்து நீலமாகும். தகரப் பேணிக்குள் இருந்து வருவதுபோல ஒரு குரல் வரும்.

நான் முதல்நாள் போனது தை மாதம். அனுமதி கேட்கப்போன உரையாடலையே பதிந்துகொண்டுதான் போனேன். ஆய்வாளனுக்கு இருக்கவேண்டிய நேர்மை அவ்வளவு.

"இராசமணி, விளக்கு வைச்சாச்சே?"

"ஓம் அண்ணை, வைச்சாச்சு."

"உவர் ஆர் பக்கத்தில?"

"கம்பசில இருந்து வந்திருக்கிறார். நாங்கள் கதைக்கிறதை ஆராய்ச்சி செய்யப் போறாராம்."

"எங்கட கதையில ஆராய என்ன கிடக்கு? அவருக்கு வேற வேலை இல்லையோ?"

"ஆறு வருசமா இல்லையாம்."

பாரிசிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஒலிபெருக்கி சின்னது, சிரிப்பு உள்ளே அடங்காமல் கரகரத்தது. நான் சம்மதப் படிவத்தைக் கமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அவர் அதை வாசிப்பது கேட்டது.

"கையெழுத்தோ? நான் ஆனியில திருவிழாவுக்கு வருவன் தானே. வந்து வைக்கிறன்."

"இல்லை ஐயா, போனிலயே வைச்சு அனுப்பலாம்."

"எனக்கு உது தெரியாது. மகளைக் கேட்டால் என்ன ஏது எண்டு ஆயிரம் கேள்வி கேப்பாள். நீர் பேப்பரைப் பத்திரமா வைச்சிரும். வந்து வைக்கிறன்."

நானும் பத்திரமாக வைத்தேன். பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, மூலை மடியாமல்.

அன்றோடு சேர்த்து முப்பத்தெட்டுப் பின்னேரங்கள். விழுந்த தேங்காயை அவர் அங்கிருந்தே எண்ணினார். "விழப்பண்ணினதும் நீங்களோ அண்ணை?" என்று அக்கா கேட்டார். கிணற்றடி ஈரம், அயல் வீட்டு நாய், தான் அன்று சமைத்த கறியில் உப்புக் கூடிய கதை, இறந்துபோன மனைவி எந்த யன்னலுக்கு எந்த நிறச் சேலைத்துணியைத் திரையாகத் தைத்தாள் என்பது. என்னையும் விடமாட்டார். "அந்தப் பெடியன் இண்டைக்கும் வந்திருக்கிறான். பாவம், தேத்தண்ணி குடும்." இவையெல்லாம் சேர்ந்துதான் என் நான்காம் அத்தியாயம். தொண்ணூற்றிரண்டு பக்கம். அதை எடுத்துவிட்டால் என் ஆய்வில் முன்னுரையும் உசாத்துணைப் பட்டியலும்தான் மிஞ்சும்.

சித்திரை தொடங்கி ஒரு கிழமையில், ஒரு பின்னேரம் விளக்கு பச்சையாகவே இருந்தது. அக்கா தட்டைத் தூக்கியபடி நின்றார். கை நோக மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார். அடுத்த நாளும் பச்சை. மூன்றாம் நாள் காலமை, கரம்பொனைப் பிறப்பிடமாகவும் பாரிசை வசிப்பிடமாகவும் கொண்ட அவருடைய படம், சுற்றிவரப் பூக்களோடு, மரண அறிவித்தலாக எல்லோருடைய தொலைபேசியிலும் வந்து விழுந்தது. எட்டு வருடம் விளக்கு வைத்த அக்காவுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. சந்தையில் மீன்காரன் காட்டித்தான் பார்த்தாராம்.

எனக்குச் செய்தி வந்தபோது நான் முதலில் நினைத்தது கையெழுத்தை. இந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஆய்வு ஒழுக்கக் கொமிற்றியின் கடிதம் நான் பயந்ததைவிடச் சுருக்கமாக இருந்தது. குரலுக்கு உரியவரின் எழுத்துச் சம்மதம் இல்லை. உரித்தாளரான மகள் கையெழுத்து வைக்கலாம். இல்லையென்றால் ஆனி முப்பதாம் திகதிக்குள் பதிவுகளை அழிக்கவேண்டும். என் ஆய்வேட்டுக்குக் கொடுத்த கடைசி நீடிப்பும் அதே ஆனி முப்பதோடு முடிகிறது.

"உரித்தாளரிட்ட ஒரு கையெழுத்து," என்றார் பவதாரணி மிஸ். "அவ்வளவுதான். ஆறு வருசத்தில இதைவிட லேசான வேலை உமக்கு வரேல்ல."

மகளின் பெயர் தனுசியா என்பது மரண அறிவித்தலில் இருந்தது. தொலைபேசி இலக்கம் அதிலும் இல்லை, ஒருவரிடமும் இல்லை. கமரா பொருத்திய ஊர்காவற்றுறை வின்சன்றிடம் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அதுவும் சரவணமுத்து ஐயாவுடையது. வேறு வழியில்லாமல் அதற்கே எழுதினேன். இறந்தவருக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதற்கு 'நினைவூட்டல்' என்று தலைப்பு வைத்தேன்.

அக்கா விளக்கை நிறுத்தவில்லை. நான்காவது வீட்டிலும் ஏற்றினார், பச்சை வெளிச்சத்துக்கு உயர்த்திக் காட்டினார், பூட்டினார். நான் ஏன் போய்க்கொண்டிருந்தேன் என்று கேட்டால், களக்குறிப்பு எடுக்க என்று சொல்லலாம். வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுகமாக இருந்தது என்பதுதான் சரி.

அவர் இறந்து முப்பத்தோராம் நாள் பின்னேரம், அக்கா தட்டை உயர்த்தியபோது கமரா நீலமாகியது.

ஒரு சத்தமும் இல்லை. அக்கா அசையவில்லை. காற்றில் சுடர் சரிந்து பிறகு நிமிர்ந்தது. அவர் மெதுவாகத் தட்டை இறக்கினார்.

"இண்டைக்கு வீட்டுக்கிருத்தியம் எல்லே," என்றார் என்னிடம், அடங்கிய குரலில். "செத்த ஆள் முப்பத்தொண்டுக்கு வீட்டை வாறது தானே."

நான் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கியவன் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. ஆவி தலையில்தான் அடிக்கும் என்று நான் படித்த எந்தக் கோட்பாட்டிலும் இல்லை, இருந்தாலும் கழற்றவில்லை. கமரா திரும்பத் தொடங்கியது. வழமையில் அது ஆள் போகிற பக்கம் வெடுக்கென்று திரும்பும். இன்று எங்களை விட்டுவிட்டு, கிணற்றடியைப் பார்த்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தென்னை. பிறகு விறாந்தையில் கிடந்த ஒற்றைக் கதிரை. இந்த வீட்டை முதன்முதலாகப் பார்க்கிற ஆள்போல, அல்லது கடைசியாகப் பார்க்கிற ஆள்போல, மெல்ல மெல்லத் திரும்பிச் சாமி அறை வாசலில் போய் நின்றது.

"அண்ணை," என்றார் அக்கா, "விளக்கு வைச்சாச்சு."

நீலம் போனது. பச்சை.

அன்று இரவு வின்சன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நீலமெண்டால் ஆரோ திறந்து பாக்கினம், அண்ணை," என்றான். "பயப்பிடாதேங்கோ. பேய்க்குப் பாஸ்வேர்ட் தெரியாது."

மறுநாள் இதை அக்காவிடம் சொன்னேன். "ஏன் தெரியாது," என்றார் அக்கா. "அவர் வைச்ச பாஸ்வேர்ட் தானே."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தது. ஆறு பத்துக்கு நீலம், ஏழெட்டு நிமிடம், பச்சை. ஒரு சொல் இல்லை. மகளோ மருமகனோ யாராவது திறந்து பார்க்கலாம் என்று என் படித்த மூளை சொல்லும். அப்படியென்றால் ஏன் வாய் திறப்பதில்லை என்று படிக்காத மூளை கேட்கும். ஒழுங்கையில் மாடு இல்லாத நேரத்திலும் கமரா தலையைத் திருப்பும். யன்னல் திரைகளை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாகப் பார்க்கும். நான் முதுகைக் காட்டி நடக்கமாட்டேன். கேற்வரை பின்பக்கமாகவே போவேன். ஒருநாள் கோழி ஒன்றை மிதித்தேன்.

அக்காவுக்குப் பயம் இல்லை. மனத்தாங்கல்தான். "செத்தால் கதையும் நிண்டு போமோ," என்று கமராவைப் பார்த்துச் சொல்வார். "பாக்கத் தெரியுது. ஒரு சொல் சொல்ல ஏலாதாம்." பிறகும் அன்றாடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போவார். தேங்காய் மூண்டு விழுந்தது அண்ணை. குழாய் ஒழுகுது அண்ணை.

ஆனி பிறந்தது. சோளகக் காற்று தூக்கி அடித்தது. அக்கா சுடரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் கமராவுக்குக் காட்டினார். இருபதாம் திகதி சனிக்கிழமை, பதிவுகளை அழிக்கப்போவதாக அவரிடம் சொல்லப் போனேன். அவர் விறாந்தைப் படியில் இருந்து திரி உருட்டிக்கொண்டிருந்தார். ஆறு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது.

"அழிக்கிறதெண்டால்? ஒண்டும் மிஞ்சாதோ?"

"மிஞ்சாது அக்கா. எழுதினதையும் அழிக்கோணும்."

அவர் திரியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அதுக்கு முதல் எனக்கு ஒருக்கால் போட்டுக் காட்டும் தம்பி. அண்ணையின்ர குரல் ஒண்டு."

என் பையில் சின்ன ஒலிபெருக்கி இருந்தது, கருத்தரங்குகளுக்கு என்று வாங்கியது. ஒரு கருத்தரங்கிலும் பயன்படவில்லை. அதைப் படியில் வைத்து, மழை பெய்த ஒரு நாளின் பதிவைப் போட்டேன். சத்தம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. விறாந்தை முழுக்க அவர் வந்தார்.

"இராசமணி, விளக்கு வைச்சாச்சே?"

"ஓம் அண்ணை, வைச்சாச்சு," என்றார் பதிவிலிருந்த அக்கா. அதே நேரம், திரியைக் கையில் வைத்தபடி, படியில் இருந்த அக்காவும் சொன்னார். இரண்டு இராசமணிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"மழை இருட்டிக்கொண்டு வருது. யன்னலைப் பூட்டினனீரே?"

தலைக்கு மேலே கிறிக் கிறிக் என்று சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். நீலம். கமரா வேகமாகத் திரும்பியது, கதிரைக்கு, வாசலுக்கு, கேற்றுக்கு, திரும்ப வாசலுக்கு. எதையோ தேடியது. பிறகு அந்தத் தகரக் குரல் வரவேண்டிய ஓட்டையிலிருந்து, ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா?"

நான் பதிவை நிறுத்தக் கை நீட்டினேன். அவசரத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

"நான் இஞ்ச இருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்," என்றார் சரவணமுத்து ஐயா, வீடே அதிரும்படி.

பாரிசில் ஏதோ விழுந்து உடைந்தது. பச்சை.

அந்தப் பின்னேரம் கரம்பொனில் ஒரு பேய் நின்றது உண்மை. அது நான்தான்.

அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். எழும்பிப் போய்க் கமராவுக்குக் கீழே நின்று, பார்க்க ஒருவரும் இல்லாத பச்சை வெளிச்சத்தைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, பயப்பிடாதேங்கோ. அது றெக்கோட். அப்பா இல்லை. இந்தப் பெடியன்ர விசர் வேலை." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணையில்லை. பிள்ளைதான் இவ்வளவு நாளும் பாத்தது. நான் தேங்காய்க் கணக்குச் சொல்லிக்கொண்டு நிண்டிருக்கிறன்."

அடுத்த நாள் நீலம் வரவில்லை. நான் ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்து, தொலைபேசியின் உதவியோடு பிரெஞ்சில் பெரிதாக எழுதினேன்: அது பழைய ஒலிப்பதிவு, மன்னிக்கவும், இது என் இலக்கம். கமராவுக்கு எதிரே தூணில் கட்டினேன். பிரெஞ்சு சரியோ தெரியாது. தொடர்பாடல் துறையில் ஆறு வருடத்தில் நான் செய்த வேலைகளில் போய்ச் சேர்ந்தது அந்த மட்டை ஒன்றுதான்.

மூன்றாம் நாள் தனுசியாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"நீ ஆர்?"

என்னைவிடச் சின்ன வயதாக இருக்கலாம். ஆனால் 'நீ' என்றதில் மரியாதைக் குறைவு இல்லை. அவளிடம் இருந்த தமிழ் முழுக்க அம்மாவும் அப்பாவும் அவளோடு பேசிய தமிழ். அதில் 'நீ' மட்டும்தான் இருந்தது. நான் யாரென்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பாட போன் என்னட்ட. ஒருநாள் திறந்தன், வீடு வந்தது. எனக்கு அந்த வீடு தெரியாது. ஊருக்கு ரெண்டுதரம் வந்தனான், சின்னனில, வீடு கட்ட முதல். வேலையில சாப்பாட்டு நேரம் பாக்கிறன். அந்த அன்ரி கதைக்கிறா. எனக்குப் பதில் வராது." சொற்களைத் தேடுவதற்காக நிறுத்தினாள். "அண்டைக்கு லீவு, முந்தித் திறந்தன், ஒரு செக்கன் நம்பினன். ஒரு செக்கன் நல்லா இருந்தது. பிறகுதான் பயம்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எத்தினை இருக்கு உன்னட்ட?"

"முப்பத்தெட்டு. ஒவ்வொண்டும் பத்து நிமிசம், கால் மணித்தியாலம்."

அவள் பிரெஞ்சில் கணக்குப் பார்ப்பது கேட்டது.

"எங்கட வீட்டில அப்பா இவ்வளவு கதைச்சதில்ல," என்றாள். "எனக்கு எழுதுறது 'சாப்பிட்டியா' மட்டும். நானும் 'ஓம்' எண்டு எழுதுவன். குரல் ஒண்டும் இல்ல என்னட்ட."

அன்றே முப்பத்தெட்டையும் அனுப்பினேன். மறுநாள் திரும்ப எடுத்தாள். பாதி கேட்டிருந்தாள். அப்போதுதான் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். கொமிற்றி, திகதி, நான்காம் அத்தியாயம்.

"அப்பா ஓம் எண்டவரோ?"

பொய் சொல்லத் தேவையே இல்லாத கேள்வி. அவர் மறுக்கவில்லை, 'ஓம்' என்று விட்டிருக்கலாம்.

"ஆனியில வந்து வைக்கிறன் எண்டவர்," என்றேன்.

"வரேல்ல."

"வரேல்ல."

"அப்ப..." என்றாள். "அப்ப இல்ல. அம்மாட திரைத்துணிக் கதை எனக்கே சொல்லேல்ல. ஆக்கள் வாசிக்க நான் எப்பிடி ஓம் எண்டுறது? கோவிக்காத."

பெயரை மாற்றலாம், இருபது வரி மட்டும் எடுக்கலாம், ஒருவருக்கும் தெரியவராது: இவ்வளவும் நாக்கு நுனிவரை வந்தன. ஆறு வருடம் இந்த வசனங்களைத்தான் கற்றிருக்கிறேன். ஆனால் அவள் 'கோவிக்காத' என்றபோது, எதிரில் நிற்பவனை வீட்டு ஆள் என்று நினைத்துச் சொன்னதுபோல இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது எவ்வளவு அரிது என்று பவதாரணி மிஸ்ஸுக்குத் தெரியும்.

இருபத்தொன்பதாம் திகதி, துறை அலுவலகக் கணினிக்கு முன்னால் மிஸ் சாட்சியாக இருக்க, ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் தொண்ணூற்றிரண்டு பக்கத்தையும். அழித்தேன் என்று ஒரு படிவம். அதற்கு இரண்டு கையெழுத்தும் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டன.

"இனி என்ன செய்யப் போறீர்?" என்றார் மிஸ். குரலில் சிவப்பு மை இல்லை.

"பட்டத்துக்குத் திரும்பப் பேர் பதியலாமோ எண்டு பாக்கிறன் மிஸ். முதலாம் வருசத்தில இருந்து."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மாவுக்கு நான் ஒருக்கால் எடுத்துக் கதைக்கட்டோ?" என்றார். நான் வேண்டாம் என்றேன். அழைப்பு வந்தால் பட்டம் கிடைத்துவிட்டது என்று அம்மா நினைத்துவிடுவார்.

முப்பதாம் திகதி பின்னேரம் கரம்பொனுக்குப் போனேன். பதிவுக் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போனது அன்றுதான் முதல்தடவை. பை இலேசாக இருந்ததில், பண்ணைப் பாலத்தில் காற்று என்னையே தூக்கிவிடும்போல இருந்தது. கோயில் பக்கம் திருவிழா மேளம் கேட்டது. நான் கேற்றடியில் நின்றபோது அக்கா தட்டோடு விறாந்தைக்கு வந்துகொண்டிருந்தார். உள்ளங்கையால் சுடரை மறைத்து, கமராவுக்கு உயர்த்தினார்.

நீலம்.

"இராசமணி, விளக்கு வைச்சாச்சே?"

தகரப் பேணிக் குரல். முன்னைவிட இன்னும் ஆழத்தில், பேணிக்குள் இன்னொரு பேணி இருப்பதுபோல. அந்தக் கமராவிலிருந்து வந்ததை நான் பதிந்து, அது பாரிசுக்குப் போய், ஒரு தொலைபேசியின் வாயிலிருந்து மற்றதன் காதுக்குள் போய், திரும்பவும் அந்தக் கமராவுக்கே வந்திருக்கிறது. என் கை தானாகப் பைக்குள் போய்க் கருவியைத் தேடியது. ஒன்றும் இல்லை.

பதிவில் அடுத்ததாக அக்காவின் பதில் வரவேண்டும். வரவில்லை. அதற்கு முன்னால் அவள் நிறுத்தியிருக்கிறாள். அந்த இடத்தை விட்டிருக்கிறாள்.

"அக்கா," என்றேன் மெல்ல, "அது மகள் போடுறா."

"தெரியும். எனக்கென்ன விசரோ? முந்தநாளில இருந்து போடுறா." கமராவைப் பார்த்தார். "ஓம் அண்ணை, வைச்சாச்சு. பிள்ளை சாப்பிட்டவவோ எண்டு ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ."

காற்று தென்னையில் இரைந்தது. சுடர் அக்காவின் உள்ளங்கையைச் சிவப்பாக்கிக்கொண்டு நின்றது. அங்கே அவள் சொல்லைத் தேடுகிறாளா, அழுகிறாளா, தெரியவில்லை. பிறகு கமராவில் சின்னக் கரகரப்பு.

"சாப்பிட்டன்," என்றது பெண்குரல்.

அக்கா தலையாட்டினார். தட்டை இறக்கவில்லை. கமரா கிறிக் கிறிக் என்று திரும்பி, தென்னையைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, கேற்றுப் பக்கம் வந்து என்மேல் நின்றது.

"உவர் ஆர் பக்கத்தில?" என்றார் சரவணமுத்து ஐயா.

முதல்நாள் பதிவு. எனக்கு அது தெரியும். அதை எத்தனையோ தரம் கேட்டுக் கேட்டு எழுதியவன் நான். அடுத்த வரி அக்காவுடையது என்றும் தெரியும். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

"என்னைப் பாத்தால்?" என்றார். "உம்மைத்தானே கேக்கிறார். சொல்லும்."

நீல வெளிச்சம் அசையாமல் காத்துக்கொண்டு நின்றது. நான் தலைக்கவசத்தைக் கழற்றினேன்.

"நான்தான் ஐயா," என்றேன். "சதீசன்."